பகுத்துக் கண்டு தொகுத்துரைத்த பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

முன்னுரை

மின்னியல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் தேற்றங்களுள் ஒன்று மேற்பொருந்துதல் தேற்றம். ஒரு மின்சுற்றில் பல மின்மூலங்கள் ஒருங்கே செயற்படும்போது, அவற்றுள் ஒவ்வொன்றையும் தனியே செயற்படவிட்டு, அதனால் விளையும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, பின்னர் அனைத்தையும் திசையறிந்து கூட்டினால் முழு விடை கிடைக்கும் என்பதே அதன் சாரம். சுற்றுகளை ஆராயும் எவரும் இத்தேற்றத்தை அறியாமல் இருத்தல் இயலாது. ஆயினும், 1853ஆம் ஆண்டிலேயே இந்நெறியை மின்னோட்டத்திற்கு உரியதாகத் தெளிவுற எடுத்துரைத்துப் பயன்கொண்டவர் மருத்துவம் பயின்ற ஓர் உடலியல் பேராசிரியர் என்பதும், அவரை அதன்பால் செலுத்தியது தசையில் எழும் மின்சாரம் பற்றிய ஆராய்ச்சி என்பதும் பலரும் அறியாத செய்திகள். அவர்தாம் ஜெர்மானியப் பேரறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

தமிழ்த்துறை மலரில் மின்சுற்றுக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். வாழ்க்கை வரலாறு இலக்கிய வகைகளுள் ஒன்று என்பது முதல் விடை. அதனினும் இன்றியமையாத விடை ஒன்றுண்டு. விரும்பிய படிப்பு கிட்டாமல், கிட்டிய படிப்பை ஏற்றுக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் எல்லாத் துறைகளிலும் உள்ளனர். மொழித்துறைகளில் அவர்கள் சற்று மிகுதி என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவோம். இயற்பியலை விரும்பி, வறுமையால் மருத்துவம் பயின்று, அம்மருத்துவத்தின் வழியாகவே இயற்பியலின் உச்சியை அடைந்த ஒருவரின் வரலாறு அவர்களுக்குப் பயன்படும் என்று கருதியே நாம் இதனை எடுத்துக்கொண்டோம்.

பிறப்பும் கல்வியும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821 ஆகஸ்டு 31ஆம் நாள், பிரஷ்ய நாட்டில் பெர்லினை அடுத்துள்ள போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் பெர்டினாண்டு அந்நகரின் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். பண்டைய மொழிகளிலும் மெய்யியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். தாயார் பெயர் கரோலின். இளமையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உடல் நலிவுற்றவராய்ப் பல நாள்களைப் படுக்கையிலும் அறைக்குள்ளும் கழிக்க நேர்ந்தது. அக்காலத்தில் அவருக்குத் துணையாயிருந்த மரக்கட்டை விளையாட்டுப் பொருள்களே வடிவியலின் உண்மைகள் பலவற்றை அவருக்கு முன்கூட்டியே கற்பித்துவிட்டன என்பர்.

பள்ளியில் அவருக்கு ஒரு குறை இருந்தது. தொடர்பற்ற சொற்களையும் இலக்கண விதிவிலக்குகளையும் மனத்தில் இருத்துவது அவருக்குக் கடினமாயிருந்தது. ஆனால் அவையே செய்யுளாகத் தொடுக்கப்பட்டிருப்பின் எளிதில் நினைவிற் கொண்டார். நிகண்டுகளையும் இலக்கண நூற்பாக்களையும் யாப்பில் அமைத்துத் தந்த நம் முன்னோரின் கருத்து இதனால் நமக்கு மேலும் தெளிவாகின்றது. இலத்தீன் வகுப்பில் பிற மாணவர் பாடம் ஓதிக்கொண்டிருக்கையில், இவர் மேசைக்கடியில் கண்ணாடி வில்லைகளின் வழியாக ஒளிக்கதிர் செல்லும் பாதையை வரைந்துகொண்டிருந்ததும் உண்டு.

இயற்பியல் பயில வேண்டும் என்பதே அவரது வேட்கை. ஆனால் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப இயலவில்லை. பெர்லினில் படைமருத்துவர்களை உருவாக்கும் அரசு நிறுவனம் ஒன்று இருந்தது. அங்குக் கட்டணமின்றி மருத்துவம் கற்பிக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் எட்டாண்டுகள் படையில் பணியாற்ற வேண்டும். மருத்துவம் பயின்றால் இயற்பியலின் ஒரு பகுதியையேனும் அறியலாம் என்ற எண்ணத்துடன் 1838ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், அவர் அங்குச் சேர்ந்தார்.

1841ஆம் ஆண்டில் அவரைக் கடுங்காய்ச்சல் பற்றியது. மாணவர் என்ற முறையில் மருத்துவமனையில் அவருக்குச் செலவின்றிச் சிகிச்சை கிடைத்தது. நோயுற்ற காலத்தில் மிஞ்சிய சிறு உதவித்தொகையைக் கொண்டு அவர் ஒரு நுண்ணோக்கியை வாங்கினார். அந்நுண்ணோக்கியால் ஆராய்ந்து, முதுகெலும்பற்ற உயிர்களில் நரம்பு இழைகள் நரம்பணுக்களிலிருந்தே புறப்படுகின்றன என்பதை நிறுவி, 1842இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஆசிரியரும் தோழரும்

பெர்லினில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜொகான்னெஸ் முல்லர். அக்கால உடலியல் அறிஞருள் தலையாயவர். உயிருள்ள உடலில் இயற்பியல் விதிகளுக்கு அப்பாற்பட்ட உயிர்விசை ஒன்று இயங்குகிறது என்னும் கொள்கை அன்று பரவலாக இருந்தது. முல்லரும் அதனை முற்றிலும் கைவிடவில்லை. ஆனால் அவரிடம் பயின்ற எமில் டு புவா-ரேமோன், எர்ன்ஸ்ட் புருக்கே, ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய இளைஞர்கள், உடலின் செயல்களையும் இயற்பியல், வேதியியல் விதிகளைக் கொண்டே விளக்க வேண்டும் என்று உறுதி கொண்டனர். ஆசிரியரை மதித்துக்கொண்டே அவர் கொள்கையோடு மாறுபட்ட மாணவர் இவர்கள். மாறுபட இடங்கொடுத்த ஆசிரியர் அவர். இம்மூவருள் டு புவா-ரேமோன் நரம்பிலும் தசையிலும் எழும் மின்சாரத்தை ஆராய்வதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். இச்செய்தி பின்னர் நமக்கு வேண்டுவதாகும்.

படைமருத்துவர் கண்ட பேருண்மை

1843 முதல் போட்ஸ்டாமில் படைமருத்துவராகப் பணியாற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், படைவீட்டிலேயே சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். தசை சுருங்கும்போது தோன்றும் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. அவ்வினாவைத் தொடர்ந்து சென்றவர், உடலைக் கடந்து இயற்கை முழுவதற்கும் பொதுவான விதியை எட்டினார். 1847 ஜூலை 23ஆம் நாள் பெர்லின் இயற்பியல் கழகத்தில், ஆற்றல் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறுமேயன்றித் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்னும் கொள்கையைக் கணித முறையில் விரித்துரைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அக்கட்டுரையை வெளியிட, புகழ்பெற்ற இயற்பியல் இதழின் ஆசிரியர் பொகெண்டார்ஃப் இசையவில்லை. சோதனை முடிவுகளின்றிக் கோட்பாட்டளவில் நிற்கிறது என்பது அவர் கருத்து. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனைத் தனிச் சிறு நூலாகவே வெளியிட நேர்ந்தது. இதே உண்மையை 1842இல் ராபர்ட் மாயர் என்னும் மற்றொரு மருத்துவர் கூறியிருந்தார்; இங்கிலாந்தில் ஜூல் சோதனைகளால் மெய்ப்பித்து வந்தார். மாயரின் முதன்மையைப் பிற்காலத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஏற்றுக்கொண்டு உரைத்தது அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

இளைஞரின் திறத்தை உணர்ந்த முதுபேரறிஞர் அலெக்சாண்டர் ஹும்போல்ட், எட்டாண்டு படைப்பணி முடியுமுன்னரே 1848இல் இவர் விடுவிக்கப்பட உதவினார். அடுத்த ஆண்டில் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்நகரம் இன்று ருஷ்யாவில் கலினின்கிராட் என வழங்குகிறது. அவ்வாண்டிலேயே ஓல்கா அம்மையாரை மணந்தார்.

நரம்பும் கண்ணும்

நரம்பில் செய்தி செல்லும் வேகம் அளத்தற்கரியது என்றே அதுவரை அறிஞர் கருதினர். முல்லரும் அவ்வாறே எண்ணினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பை ஓரிடத்திலும், தசையினின்று சற்று விலகிய மற்றோரிடத்திலும் மின்சாரத்தால் தூண்டினார். இரண்டிடங்களிலிருந்தும் தூண்டல் தசையை அடைய எடுத்துக்கொண்ட கால வேற்றுமையை அளந்தார். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் எனக் கண்டார். ஒலியின் வேகத்தில் பத்திலொரு பங்கும் இல்லாத இவ்வேகத்தை 1850இல் வெளியிட்டபோது அறிஞருலகம் வியந்தது. அளவீடுகளைக் குறித்து வைப்பதில் ஓல்கா அம்மையார் அவருக்குத் துணைநின்றார்.

அதனையடுத்து, உயிருள்ள மனிதரின் கண்ணுள் நோக்கி விழித்திரையைக் காண உதவும் கருவியை உருவாக்கி 1851இல் வெளியிட்டார். கண் மருத்துவர் ஒவ்வொருவரும் இன்றும் பயன்படுத்தும் கண்ணக நோக்கிகளின் முன்னோடி அதுவே.

நம் மொழியில் நரம்பு என்னும் சொல் உடலின் நரம்பையும் குறிக்கும், யாழின் தந்தியையும் குறிக்கும். இவ்விரு நரம்புகளையும் ஒருவரே ஆராய்ந்து இரண்டிலும் முதல்வராய் விளங்கினார் என்றால் அவர் ஹெல்ம்ஹோல்ட்சே. தந்தியின் ஒலி பற்றிய அவர்தம் ஆராய்ச்சியைப் பின்னர்க் காண்போம்.

தசையிலிருந்து பிறந்த தேற்றம்

தோழர் டு புவா-ரேமோன் தசையின் மேற்பரப்பில் இரண்டிடங்களைத் தொட்டு, கால்வனாமீட்டரில் மின்னோட்டத்தை அளந்து வந்தார். ஆனால் அளவீடு கைக்கு வந்ததும் ஒரு பெருஞ்சிக்கல் எழுந்தது. கம்பியில் மின்னோட்டம் ஒரே வழியில் செல்லும். தசையோ நீளமும் அகலமும் ஆழமும் கொண்ட பொருள். மின்னோட்டம் எல்லாத் திசைகளிலும் பரவும். மேலும் மின்னியக்கு விசை ஓரிடத்தில் மட்டும் இல்லை. தசையின் உள்ளே எண்ணற்ற இடங்களில் உள்ளது. வெளியே இரண்டு புள்ளிகளில் அளந்த அளவைக் கொண்டு உள்ளே நடப்பதை எவ்வாறு அறிவது?

இதற்கு விடைகாண முற்பட்டு, 1853இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். பருப்பொருளான கடத்திகளில் மின்னோட்டம் பகிர்ந்து செல்லும் விதிகளையும், உயிரின மின்சாரச் சோதனைகளுக்கு அவ்விதிகள் பயன்படும் முறையையும் அது பேசியது. ஆறாண்டுகளுக்கு முன் அவரது ஆற்றல் கட்டுரையை ஏற்க மறுத்த அதே பொகெண்டார்ஃபின் இதழில்தான் இக்கட்டுரை வெளிவந்தது. ஓம் 1827இல் தம் விதியை நூலாகத் தந்திருந்தார். சந்திப்புகளுக்கும் மூடிய சுற்றுகளுக்கும் உரிய விதிகளைக் கிர்க்காஃப் 1845இல், மாணவராக இருந்தபோதே, வகுத்திருந்தார். இவ்விரு அடித்தளங்களின்மேல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கட்டடத்தை எழுப்பினார்.

அதில் மூன்று முடிவுகள் நமக்கு முதன்மையானவை. ஒன்று, ஒரு கடத்தித் தொகுதியில் பல இடங்களில் மின்னியக்கு விசைகள் இருப்பின், எந்தப் புள்ளியிலும் காணப்படும் மின்னழுத்தமும் மின்னோட்டமும், ஒவ்வொரு விசையும் தனித்து நின்றால் அங்குத் தோற்றுவிக்கும் அளவுகளின் கூட்டலே. இதுவே மேற்பொருந்துதல். இரண்டு, எத்துணைச் சிக்கலான தொகுதியாயினும், அதன் இரு புள்ளிகளில் வெளிக்கம்பியை இணைப்பவருக்கு அது ஒரேயொரு மின்னியக்கு விசையும் ஒரேயொரு மின்தடையும் கொண்ட எளிய மின்கலம் போலவே தோன்றும். மூன்று, புறப்பரப்பில் அளந்த அளவைக் கொண்டு உள்ளிருக்கும் மின்மூலங்களின் அமைப்பை ஐயத்திற்கிடமின்றி உறுதி செய்ய இயலாது. ஏனெனில் வெவ்வேறு உள்ளமைப்புகள் ஒரே புறவிளைவைத் தரக்கூடும்.

இம்மூன்றாம் முடிவு இன்றும் மருத்துவ உலகில் உயிர்ப்புடன் இருக்கிறது. மார்பின்மேல் தகடுகளை வைத்து இதயத்தின் மின்னலைகளையும், தலையின்மேல் வைத்து மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்யும்போது, அவ்வலை எந்த இடத்தில் பிறந்தது என்று கணிக்க முயல்வோர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுட்டிய அதே தடையை எதிர்கொள்கின்றனர்.

தேற்றத்தைப் பயன்படுத்தும் முறை

அறிவியல் பயிலாத வாசகரும் அறியும் வண்ணம் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2 ஓம் மின்தடை ஒன்று உள்ளது. 12 வோல்ட் மின்கலம் ஒன்று 3 ஓம் மின்தடை வழியாகவும், 6 வோல்ட் மின்கலம் மற்றொன்று 6 ஓம் மின்தடை வழியாகவும் அதற்கு மின்னோட்டம் தருகின்றன. இரண்டின் நேர்முனைகளும் ஒரே பக்கம் அமைந்துள்ளன. 2 ஓம் தடையில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?

முதலில் 6 வோல்ட் கலத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கம்பியால் இணைத்துவிடுவோம். அதனோடு சேர்ந்த 6 ஓம் தடை தன் இடத்திலேயே இருக்கும். இப்போது 12 வோல்ட் கலம் மட்டும் செயற்படுகிறது. 6 ஓமும் 2 ஓமும் பக்க இணைப்பாய் 1.5 ஓம் ஆகும். இதனுடன் 3 ஓம் சேர மொத்தம் 4.5 ஓம். 12 வோல்ட்டில் 1.5 ஓம் பகுதிக்குக் கிடைப்பது 4 வோல்ட். எனவே 2 ஓம் தடையில் ஓடுவது 2 ஆம்பியர்.

அடுத்து 12 வோல்ட் கலத்தை எடுத்துவிட்டு, 6 வோல்ட் கலத்தை மட்டும் செயற்பட விடுவோம். 3 ஓமும் 2 ஓமும் பக்க இணைப்பில் 1.2 ஓம், 6 ஓமுடன் சேர்த்து 7.2 ஓம். 6 வோல்ட்டில் 1.2 ஓம் பகுதிக்குக் கிடைப்பது 1 வோல்ட். எனவே 2 ஓம் தடையில் ஓடுவது 0.5 ஆம்பியர்.

இரண்டு விடைகளும் ஒரே திசையில் அமைவதால் கூட்டினால் 2.5 ஆம்பியர். இதுவே இரு கலங்களும் ஒருங்கே செயற்படும்போது ஓடும் மின்னோட்டம். இரண்டாம் கலத்தை முனை மாற்றி வைத்திருந்தால் 0.5 கழிந்து 1.5 ஆம்பியர் ஆகும். திசையறிந்து கூட்டுதல் என்று நாம் தொடக்கத்தில் குறித்தது இதனையே.

மாணவர் மறவாமல் கைக்கொள்ள வேண்டியவை சில. மின்னழுத்த மூலத்தை விலக்கும்போது அதன் இடத்தைக் குறுக்கே இணைக்க வேண்டும். மின்னோட்ட மூலத்தை விலக்கும்போது அதன் இடத்தைத் திறந்துவிட வேண்டும். மூலத்திற்கு அகத்தடை இருப்பின் அதனை நீக்கலாகாது. வேறொரு கிளையின் மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ சார்ந்து இயங்கும் மூலங்களை இவ்வாறு விலக்குதல் தவறு. அவை ஒவ்வொரு கணக்கிலும் இருந்தே ஆகவேண்டும்.

ஹெல்ம்ஹோல்ட்சின் இரண்டாம் முடிவையும் இதே சுற்றில் சோதித்துப் பார்க்கலாம். 2 ஓம் தடையை எடுத்துவிட்டு அம்முனைகளை அளந்தால் 10 வோல்ட் இருக்கும். கலங்களை விலக்கி, அம்முனைகளிலிருந்து உள்நோக்கினால் 3 ஓமும் 6 ஓமும் பக்க இணைப்பாகி 2 ஓம் தடையாகக் காணப்படும். ஆக, முழுத்தொகுதியும் 2 ஓம் அகத்தடை கொண்ட 10 வோல்ட் கலம் ஒன்றுக்குச் சமம். அதனோடு 2 ஓம் தடையை இணைத்தால் 10ஐ 4ஆல் வகுக்க, அதே 2.5 ஆம்பியர் வருகிறது. இரு வழிகளும் ஓரிடத்தில் கூடுவதைக் காணும்போது கணிதத்தில் பழக்கமில்லாத நமக்கும் மகிழ்ச்சி உண்டாகிறது.

தேற்றத்தின் எல்லை

ஒரு விதியை அறிதல் என்பது அது செல்லும் இடத்தையும் செல்லா இடத்தையும் சேர்த்தறிதலாகும். மேலே கண்ட சுற்றில் 2 ஓம் தடையில் செலவாகும் திறனைப் பார்ப்போம். முதற்கலம் தனித்து நின்றபோது 8 வாட். இரண்டாங்கலம் தனித்து நின்றபோது 0.5 வாட். கூட்டினால் 8.5 வாட். ஆனால் இரண்டும் ஒருங்கே செயற்படும்போது உண்மையில் செலவாவது 12.5 வாட். மின்னோட்டத்தைக் கூட்டலாம், திறனைக் கூட்டலாகாது. திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதே காரணம்.

அவ்வாறாயின் மிகுதியான 4 வாட் எங்கிருந்து வந்தது? ஆற்றல் புதிதாகத் தோன்றாது என்று 1847இல் நிறுவியவரின் தேற்றமே அதற்கு மாறாகப் பேசுகிறதா? இல்லை. ஒருங்கே செயற்படும்போது முதற்கலம் 28 வாட் தருகிறது, இரண்டாங்கலம் 1 வாட் தருகிறது, மொத்தம் 29. மூன்று தடைகளிலும் செலவாகும் திறனைக் கூட்டினாலும் 29 வாட்டே வரும். தனித்து நின்றபோது கலங்கள் தந்த திறனோ 32 வாட்டும் 5 வாட்டும் ஆகும். ஒன்றின் இருப்பு மற்றதன் உழைப்பை மாற்றுகிறது. ஆயினும் வரவும் செலவும் எப்போதும் ஒத்திருக்கின்றன. ஹெல்ம்ஹோல்ட்சின் இரு பெரும் கண்டுரைகளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கக் காண்கிறோம்.

மற்றோர் எல்லையும் உண்டு. மின்னழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும் பொருள்களில்தான் இத்தேற்றம் செல்லும். ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு போன்ற பொருள்களில் செல்லாது. டிரான்சிஸ்டர் பெருக்கிகளில் சிறிய மாற்றங்களை மட்டும் தனியே பிரித்துக் கணக்கிடும்போதுதான் இதனைப் பயன்படுத்துவர்.

இவ்வெல்லையை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியிலும் கண்டார். பல தந்திகள் எழுப்பும் ஒலியலைகள் காற்றில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திக் கூடுகின்றன; செவி அவற்றை மீண்டும் தனித்தனிச் சுரங்களாகப் பகுத்துணர்கிறது. இதனை அவர் உலோகத்தாலும் கண்ணாடியாலும் ஆன ஒத்ததிர்வுக் கலங்களைக் கொண்டு விளக்கினார். ஆனால் இரண்டு சுரங்கள் மிக வலிந்து ஒலிக்கும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாம் சுரம் ஒன்று கேட்கும். அதன் அதிர்வெண் இரண்டின் வேறுபாடாக அமையும். கூட்டுத்தொகையாக அமையும் சுரமும் உண்டு என்பதை அவரே 1856இல் எடுத்துக்காட்டினார். அதிர்வு பெரிதாகும்போது எளிய கூட்டல் விதி தளர்ந்துவிடுவதே இதற்குக் காரணம் என்று விளக்கினார்.

தமிழ் மாணவர்க்கு இதனைப் புணரியல் கொண்டு விளக்கலாம். வாழையும் மரமும் சேர்ந்து வாழைமரம் ஆவது இயல்பு புணர்ச்சி. இரு சொல்லும் மாறாமல் கூடுகின்றன. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது இரண்டிலும் இல்லாத ஓர் எழுத்து தோன்றுகிறது. இது விகாரப் புணர்ச்சி. மேற்பொருந்துதல் தேற்றம் இயல்பு புணர்ச்சி நிகழும் இடங்களுக்கு உரியது. விகாரம் நிகழும் இடத்தில் அதனைக் கையாள்வோர் பிழைபடுவர்.

வேறு பெயர் பெற்ற முடிவு

1853ஆம் ஆண்டுக் கட்டுரையை உடலியலார் படித்தனர். மின்பொறியாளர் கையில் அது பரவவில்லை. மின்விளக்கும் மின்னாக்கி நிலையங்களும் பரவாத காலம் அது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், பிரான்சு நாட்டுத் தந்தித்துறைப் பொறியாளர் லியோன் தெவனின், ஹெல்ம்ஹோல்ட்சின் கட்டுரையை அறியாமலே, இரண்டாம் முடிவைத் தாமே கண்டு வெளியிட்டார். அது தெவனின் தேற்றம் என்னும் பெயரில் உலகெங்கும் நிலைத்துவிட்டது. 1926இல் ஜெர்மனியின் மேயரும் அமெரிக்காவின் நார்ட்டனும் அதனையே மின்னோட்ட மூலமாக மாற்றியமைத்துத் தந்தனர். பிற்கால ஆய்வாளர் சிலர் ஹெல்ம்ஹோல்ட்சின் பெயரையும் சேர்த்து வழங்குகின்றனர். எனினும் பெரும்பாலான பாடநூல்களில் அவர் பெயர் இத்தேற்றத்தோடு இல்லை.

இதில் எவர்மீதும் குறை கூறுவதற்கில்லை. தெவனின் தாமே உழைத்துக் கண்டவர். ஆயினும் ஒரு துறையில் கண்ட உண்மை, மற்றொரு துறையார் கண்ணில் படாமல் முப்பதாண்டு கிடந்தது என்பது எண்ணத்தக்கது. கல்லூரிகளில் துறைக்கும் துறைக்கும் இடையே உள்ள சுவர்கள் எத்துணைத் தடித்தவை என்பதை இது காட்டுகிறது.

பிற்கால வாழ்வு

1855இல் பான் நகருக்கும், 1858இல் ஹைடல்பெர்க் நகருக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பேராசிரியராகச் சென்றார். ஹைடல்பெர்க்கில் கிர்க்காஃப் அவருக்கு உடன்பணியாளராக வாய்த்தார். நெடுநாள் நோயுற்றிருந்த ஓல்கா அம்மையார் 1859 டிசம்பரில் இறந்தார். 1861இல் அன்னா அம்மையாரை மணந்தார். காட்சியியல் பற்றிய பெருநூலை 1867இல் நிறைவு செய்தார். ஒலியுணர்வு பற்றிய நூல் 1863இல் வெளிவந்தது.

1871ஆம் ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்தது. பதினேழு வயதில் வறுமையால் மூடப்பட்ட கதவு ஐம்பதாம் வயதில் திறந்தது. ஆங்கு அவரிடம் பயின்றவருள் தலையாயவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கையைச் சோதிக்குமாறு மாணவரை ஊக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஹெர்ட்ஸ் 1887, 1888 ஆண்டுகளில் மின்காந்த அலைகளைச் சோதனையால் மெய்ப்பித்தார். வானொலியும் தொலைக்காட்சியும் அதிலிருந்தே பிறந்தன.

1883இல் அரசர் அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கினார். தொழிலதிபர் வெர்னர் சீமென்சின் பெருங்கொடையுடன் 1887இல் பெர்லினை அடுத்த சார்லாட்டன்பர்க்கில் இயற்பியல்-தொழில்நுட்ப அரசு நிறுவனம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். அளவைகளைத் திருத்தமாக வரையறுப்பது அந்நிறுவனத்தின் தலையாய பணி.

1893இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பன்னாட்டு மின்னியல் மாநாடு கூடியது. அம்மாநாட்டின் மதிப்புறு தலைவராக ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளங்கினார். நாம் மேலே கணக்கிட்ட ஓம், ஆம்பியர், வோல்ட் ஆகிய அலகுகளுக்கு அம்மாநாடு பன்னாட்டு வரையறை தந்தது. 106.3 சென்டிமீட்டர் நீளமும் 14.4521 கிராம் எடையும் உள்ள பாதரசத் தம்பத்தின் மின்தடையே ஓர் ஓம் என்று அன்று வகுத்தனர். பின்னாளில் அவ்வரையறைகள் மாறினாலும் அலகுகளின் பெயர்கள் மாறவில்லை.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கப்பலின் படிக்கட்டில் விழுந்து தலையில் காயமுற்றார். 1894 தொடக்கத்தில் அன்பு மாணவர் ஹெர்ட்ஸ் முப்பத்தாறு வயதிலேயே மறைந்தார். அம்மாணவரின் இறுதி நூலுக்கு ஆசிரியரே முன்னுரை எழுத நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள், எழுபத்துமூன்றாம் வயதில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இயற்கை எய்தினார்.

நிறைவுரை

ஹெல்ம்ஹோல்ட்சின் வாழ்வில் வறுமை ஒரு மூலம். நோய் ஒரு மூலம். விரும்பாத படிப்பு ஒரு மூலம். நல்லாசிரியரும் நல்ல தோழரும் வேறு மூலங்கள். அவற்றுள் எதனையும் தனித்து நோக்கினால் இவ்வளவு பெரிய வாழ்வு விளையும் என்று கணக்கிட்டிருக்க இயலாது. மனித வாழ்வு எளிய கூட்டலுக்கு அடங்குவதன்று; ஒன்று மற்றொன்றோடு சேரும்போது இரண்டிலும் இல்லாத புதியதொன்று அதில் தோன்றுகிறது. மருத்துவம் இயற்பியலோடு சேர்ந்தபோது தோன்றியது அத்தகையதே.

அரசு தந்த கல்விக் கொடை இல்லையேல் போட்ஸ்டாம் ஆசிரியரின் மகன் கல்லூரிப் படியை மிதித்திருக்க மாட்டார். நம் ஊர்ப் பெரியவர்கள் ஏழை மாணவர் ஒருவருக்குக் கட்டும் கட்டணம் எங்குச் சென்று எவ்வாறு பயன்தரும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. அதுபோலவே, மாணவரும் தமக்குக் கிட்டிய படிப்பைத் தாழ்வாக எண்ணாமல், அதன் வழியே தாம் விரும்பிய அறிவை நாடிச் செல்லலாம் என்பதை உணர்தல் வேண்டும். தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் அடுத்த கட்டடத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் நின்று, இரண்டு மின்கலங்களையும் மூன்று தடைகளையும் கொண்டு நாம் மேலே கண்ட கணக்கைத் தம் கையாலேயே அளந்து பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.